மூளைக் கட்டி அறுவைக்குப் பின் கையைப் பழக்குதல்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மூளைக் கட்டி அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களின் கைச் செயல்பாடு குறித்துச் சென்னையிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களுக்கு, மறுவாழ்வு மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

என் கணவருக்கு 48 வயது. சிறுமூளையின் வலப்புறம் இருந்த கட்டியை அகற்றி மூன்று மாதங்கள் ஆகின்றன. புற்றுநோய் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. வலது கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார். அதே கையால் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் பாதி சட்டையில் விழுகிறது. உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, நாள் முழுவதும் ரப்பர் பந்தை அழுத்தச் சொல்கிறேன். பலன் தெரியவில்லை. கை பழையபடி ஆகுமா?
– வாசகி, பெரம்பூர்

அம்மா, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். குடத்தைத் தூக்குகிற கைக்கு வலு குறையவில்லை. குறைந்திருப்பது அசைவின் அளவும் அது நிகழ வேண்டிய நேரமும்தான். ஒரு கவளம் சோறு தட்டிலிருந்து வாய்க்குப் போக வேண்டுமானால் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகிய ஒவ்வொன்றும் உரிய கணத்தில் தொடங்கி உரிய கணத்தில் நிற்க வேண்டும். கையை மடக்கும் தசை இயங்கிக்கொண்டிருக்கும்போதே, அதைத் தடுத்து நிறுத்தும் எதிர்த்தசை எப்போது இறுக வேண்டும் என்பதைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. அந்தக் கணிப்பு பிந்தினால் கை இலக்கைத் தாண்டிப் போகும், தாண்டியதைத் திருத்தப்போய் எதிர்ப்பக்கம் ஆடும். மடியில் சும்மா கிடக்கும்போது அமைதியாக இருக்கும் கை, வாயை நெருங்க நெருங்க அதிகமாக நடுங்குவது இதனால்தான்.

'வலது கையை மூளையின் இடப்பக்கம்தானே ஆளுகிறது, வலப்புறக் கட்டிக்கு வலது கை ஏன் கெட வேண்டும்' என்று பல குடும்பத்தினர் கேட்கிறார்கள். பெருமூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறுகின்றன என்பதால் அந்த விதி பெருமூளைக்குப் பொருந்தும். சிறுமூளையின் ஒவ்வொரு பாதியும் தன் பக்கத்துக் கை கால்களையே ஒழுங்குபடுத்துகிறது. ஆகவே வலது கை தடுமாறுவது எதிர்பார்த்ததே. வேறு எங்கோ புதிதாக ஏதோ கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

இனி ரப்பர் பந்து. மூளை அறுவைக்குப் பின் வீடு திரும்பும் எவருக்கும் யாராவது ஒருவர் பந்து வாங்கிக் கொடுத்துவிடுகிறார். பந்தை அழுத்துவது பிடியின் வலுவை மட்டுமே வளர்க்கும். உங்கள் கணவருக்கு அதில் குறையில்லை. கை இறுகி விரல்கள் உள்நோக்கி மடங்கிக் கிடக்கும் நோயாளிகளுக்கோ, மடக்கும் தசைகளையே மேலும் மேலும் வேலை வாங்கும் இந்தப் பயிற்சி உகந்ததே அல்ல. பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். கை எந்த வேலையில் தடுமாறுகிறதோ அந்த வேலையையே பகுதி பகுதியாகப் பிரித்துப் பழக்க வேண்டும்.

சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாம். தரையில் அமர்ந்து உண்பதைச் சில காலம் தள்ளிவைத்து, முதுகு சாய்ந்த நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் ஊன்றியிருக்க, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே வரும் உயரத்தில் மேசை அமையட்டும். வலது முழங்கை மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். அப்படி ஊன்றினால் தோளின் ஆட்டம் கணக்கிலிருந்து நீங்கிவிடும், மூளை மணிக்கட்டையும் விரல்களையும் மட்டும் கவனித்தால் போதும். விளிம்பு உயர்ந்த தட்டை எடுத்து, அது நகராமல் இருக்க அடியில் ஈரத்துணியை விரியுங்கள். முதல் சில வாரங்களுக்கு இட்லித் துண்டு, சப்பாத்தி போன்றவை. பிறகு உருட்டி எடுக்கக்கூடிய கெட்டியான தயிர்சாதம். அதற்கும் பிறகு சாம்பார் சாதம். ரசம் சாதம் கடைசிப் பாடம். இதற்கிடையே கரண்டியால் சாப்பிடுவது தோல்வி ஆகாது. பசி மிகுந்த நேரத்தில் பயிற்சி வேண்டாம். முதல் ஐந்தாறு கவளங்களைக் கையால் எடுத்துவிட்டு மீதியைக் கரண்டியால் உண்ணலாம். விருந்தினர் முன்னிலையில் அவரைக் கையால் சாப்பிடும்படி வற்புறுத்தாதீர்கள். பதற்றம் வந்தால் நடுக்கம் இரட்டிப்பாகும்.

தண்ணீர் குடிப்பதில் ஒரு கண்டிப்பு உண்டு. நம் வீடுகளில் டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பது வழக்கம்; அவர் அப்படிக் குடிக்கவே கூடாது. கை தடுமாறுவது ஒருபுறம் இருக்க, சிறுமூளைக்கு அருகே உள்ள விழுங்கும் நரம்புகளும் அந்த இடத்து அறுவையில் பாதிக்கப்படக்கூடும் என்பதால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து இருக்கிறது. கனமான டம்ளரில் பாதியளவு ஊற்றி, இரு கைகளாலும் பிடித்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, உதட்டில் வைத்துக் குடிக்கட்டும். குடிக்கும்போது இருமலோ, குடித்த பிறகு குரலில் கரகரப்போ இருந்தால், விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

மதிய வேளையில் பல்லாங்குழி ஆடச் சொல்லுங்கள். நான் எழுதித் தரக்கூடிய எந்தப் பயிற்சித் தாளையும்விட அது மேலானது என்றே கருதுகிறேன். குழியிலிருந்து காய்களை அள்ளும்போது விரல்கள் ஒன்றுசேர வேண்டும். அள்ளியவற்றை உள்ளங்கையில் தக்கவைத்துக்கொண்டே, கட்டைவிரலால் ஒன்றை மட்டும் விரல் நுனிக்குத் தள்ள வேண்டும். பிறகு அடுத்த குழிக்கு நேராகக் கையை நிறுத்தி அதை விட வேண்டும். 14 குழிகளைச் சுற்றி வருவதற்குள் பிடித்தல், தாங்குதல், குறிபார்த்தல், விடுதல் ஆகிய நான்கும் பலமுறை நடந்துவிடுகின்றன. முதலில் பெரிய சோழிகளைக் கொடுங்கள், கை தேறிய பின் புளியங்கொட்டைக்கு மாறலாம். ஒரு தடவைக்குப் பதினைந்து இருபது நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். களைத்த கையால் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் செய்தால் தவறான அசைவுதான் மனப்பாடமாகும்.

கை பழையபடி ஆகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். சிறுமூளையின் மேற்பரப்பு மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் தேறுதல் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதன் ஆழத்தில் உள்ள நரம்புக் கருக்கள் (நரம்பணுத் திரள்கள்) சேதமடைந்திருந்தால் நடுக்கம் நெடுநாள் நீடிக்கும், ஓரளவு தங்கிவிடவும் கூடும். உங்கள் கணவரின் நிலை எது என்பது எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்த அறுவை மருத்துவருக்குத் தெரியும். அடுத்த முறை போகும்போது இதே கேள்வியை நேராகக் கேளுங்கள். பொதுவாக முதல் ஆறு மாதங்களில் வேகமான முன்னேற்றமும் அதன் பிறகு மெதுவான முன்னேற்றமும் காணப்படும். ஆறு மாதம் கடந்தால் கதவு அடைத்துவிடும் என்று சொல்வோரை நம்ப வேண்டாம். ஆனால் 'இன்று எப்படி இருக்கிறது' என்று தினமும் பார்க்காதீர்கள், நாளுக்கு நாள் கை ஏறி இறங்கத்தான் செய்யும். சட்டைப் பொத்தான்கள் பத்தை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட ஆகும் நேரத்தை இரு வாரங்களுக்கு ஒருமுறை, அதே மேசையில், அதே காலை வேளையில் குறித்து வையுங்கள். மருத்துவமனைகளில் ஒன்பது குச்சிகளைத் துளைகளில் செருகச் சொல்லி நேரம் பார்க்கும் சோதனையின் நோக்கமும் இதுவே.

என் மகனுக்கு 29 வயது, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மூளையின் இடது முன்பகுதியில் கட்டியை அகற்றினார்கள். மறுநாள் வலது கை அசையவில்லை, பேச்சும் வரவில்லை. சில வாரங்களில் இரண்டும் திரும்பிவிட்டன. கதிர்வீச்சும் முடிந்து இப்போது ஆறாவது மாதம். தனித்தனியாகக் கைகள் நன்றாகவே இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து இயங்கும்போது வலது கை பின்தங்குகிறது. கணினியில் தட்டும்போது எழுத்துகள் இடம் மாறுகின்றன.
– வாசகர், மேடவாக்கம்

நீங்கள் விவரித்திருப்பது அறுவை மருத்துவர்கள் நன்கறிந்த ஒரு நிலையைப் போலவே இருக்கிறது. முன்மூளையின் உட்புறத்தில், கையை நேரடியாக இயக்கும் பகுதிக்குச் சற்று முன்னால், துணை இயக்கப் பகுதி ஒன்று உண்டு. அசைவைத் தொடங்குவதிலும், அசைவுகளை வரிசைப்படுத்துவதிலும், இரு கைகளையும் இணைப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. அங்கே உள்ள கட்டியை அகற்றியவுடன் எதிர்ப்பக்கக் கை கால் செயலற்றுப்போவதும் பேச்சு நின்றுபோவதும், பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் போலவே தோன்றும். ஆனால் மறுபாதி மூளை மெல்ல அந்த வேலையை ஏற்றுக்கொள்வதால் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், பெரும்பாலும் தேறிவிடும். தேறிய பிறகும் இரு கைகளும் சேர்ந்து செய்யும் நுணுக்கமான வேலைகளில் ஒரு குறை எஞ்சுவது வழக்கம்.

தானாகத் தொடங்கும் அசைவில் தடுமாறும் கை, வெளியிலிருந்து வரும் ஓசைக்கு இசைந்து நன்றாக இயங்கும். அதனால் நான் ஆதி தாளத்தைப் பரிந்துரைப்பேன். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. இந்த எட்டு எண்ணிக்கைக்குள் விரல்களைத் தனித்தனியே பிரிப்பதும் உள்ளங்கையைப் புரட்டுவதும் அடங்கிவிடுகின்றன. நரம்பியல் மருத்துவர் பரிசோதனை அறையில் 'கையைத் திருப்பித் திருப்பித் தட்டுங்கள்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுவே. முதலில் வலது கையால், மெதுவான காலத்தில், கைப்பேசியில் சீரான இடைவெளியில் தட்டொலி தரும் மெட்ரோனோம் செயலியின் ஓசைக்கேற்ப. பிழையின்றி வந்த பின் இரு கைகளாலும் ஒரே நேரத்தில். கர்நாடக இசை கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பெரம்பூர் வாசகியின் கணவரும் இதைச் செய்யலாம்.

தட்டச்சுப் பயிற்சியையும் அந்த ஓசைக்கேற்பவே, ஒரு ஓசைக்கு ஓர் எழுத்து என்ற மெதுவான வேகத்தில் தொடங்கட்டும். பிழைகள் குறையும்போது மட்டும் வேகத்தைக் கூட்ட வேண்டும். பூ கட்டுவது, ஷூ லேஸ் முடிவது, துணி மடிப்பது ஆகியவை வீட்டில் கிடைக்கும் இருகைப் பயிற்சிகள். ஆண் பிள்ளை பூ கட்டுவதா என்று பாட்டி முகம் சுளித்தால், பூக்கடைகளில் கட்டுபவர்களில் ஆண்களும் உண்டு என்பதை நினைவூட்டுங்கள்.

கதிர்வீச்சுக்குப் பிந்தைய களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கக்கூடியது. மாலையில் கை தடுமாறுவதற்கு அதுவும் காரணமாகலாம். முடிந்தால் அரைநாள் வேலையாகத் தொடங்கும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். அதற்கான மருத்துவச் சான்றைச் சிகிச்சை அளித்தவர்களே தருவார்கள்.

அம்மாவுக்கு 62 வயது. மூளையின் வலது நடுமேல் பகுதியில் இருந்த மெனிஞ்சியோமா (மூளை உறையில் தோன்றும் கட்டி) அகற்றப்பட்டது. இடது கையில் வலு இருக்கிறது, ஆனால் பார்க்காமல் எதைப் பிடித்தாலும் நழுவவிடுகிறார். பையில் கைவிட்டால் சாவி எது, சில்லறை எது என்று தெரியவில்லை. சமைக்க விடலாமா?
– வாசகர், தாம்பரம்

அம்மாவின் கை இயங்குகிறது. மூளைக்குச் செய்தி அனுப்பும் தடத்தில்தான் குறை. எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்பது தெரியாதபோது பிடி தளர்வதும் தெரியாது. இப்போதைக்குக் கண்களே அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டும்: எதையும் பார்த்துக்கொண்டே பிடிக்கப் பழகட்டும். உணர்வைப் பழக்க, துணிப்பை ஒன்றில் சாவி, கரண்டி, நாணயம், சீப்பு, பூண்டு ஆகியவற்றைப் போட்டு, முதலில் வலது கையால் தொட்டு, பிறகு இடது கையால் தொட்டு, பெயர் சொல்லிவிட்டு, வெளியே எடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சமையலறைக்குப் போகலாம், அடுப்பருகே இடது கை போகக் கூடாது. சூடு தெரியாத கை கொதிக்கும் குக்கர் மூடியில் பட்டாலும் விலகாது. கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, மாவு பிசைவது ஆகியவற்றை அவரிடம் விடுங்கள். அரிவாள்மணையும் வடிதட்டும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: தட்டில் இடப்பக்கம் வைத்த கறியைத் தொடாமலே எழுந்துவிடுகிறாரா, நிலைக்கதவில் இடது தோள் இடிக்கிறதா? வலது மூளை பாதிப்பில் சிலருக்கு இடப்பக்கம் முழுவதுமே கவனத்திலிருந்து நழுவிவிடும். அப்படி இருந்தால் சிகிச்சையாளரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

கண்ணாடி வைத்துக் கையைச் சரிசெய்யும் முறை எல்லோருக்கும் பயன்படுமா?
– வாசகர், மயிலாப்பூர்

எல்லோருக்கும் பயன்படாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், இழந்த கை இன்னும் இருப்பதுபோல் உணர்ந்து அதில் வலியால் அவதிப்பட்டவர்களுக்காக 1990களில் இந்த முறையைக் கொண்டுவந்தார். நல்ல கையின் பிம்பம் கண்ணாடியில் மறுகையின் இடத்தில் தெரியும்போது, அந்தக் கை அசைவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. பின்னர் இது பக்கவாதத்தில் வலுவிழந்த கைக்கும் பயன்படுத்தப்பட்டது. பெருமூளைக் கட்டிக்குப் பின் கை வலுவிழந்தவர்கள் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் முயன்று பார்க்கலாம். வலு இருந்தும் தடுமாறும் சிறுமூளைக் கைக்கு இதிலிருந்து பெரிய பலனை நான் எதிர்பார்ப்பதில்லை.

மாத்திரைகளாலேயே கை நடுங்குமா?
– வாசகி, குரோம்பேட்டை

நடுங்கலாம். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் இரத்தத்தில் அளவுக்கு மீறினால் சிறுமூளை பாதிப்பைப் போன்ற தள்ளாட்டமே வரும். வால்ப்ரோயேட் சிலருக்கு விரல் நடுக்கம் தரும். மூளை வீக்கத்துக்கான டெக்ஸாமெத்தசோனை நெடுநாள் எடுத்தால் தோள், தொடைத் தசைகள் தளர்ந்து, கையை அலமாரிக்கு உயர்த்துவதும் நாற்காலியிலிருந்து எழுவதும் கடினமாகும், சர்க்கரையும் ஏறும். ஆனால் இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அறுவைக்குப் பின் என் கையெழுத்து மாறிவிட்டது. வங்கியில் காசோலை திரும்பிவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், அண்ணா நகர்

கிளைக்கு நேரில் சென்று, அடையாள ஆவணங்களுடன் புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பதிவு செய்யக் கோருங்கள். கையொப்பம் இன்னும் நிலைப்படவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். நோயால் கையொப்பமிட இயலாத கணக்குதாரர், பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை உறுதிசெய்ய வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அதிகாரியாக இருக்க வேண்டும். கையெழுத்துப் பயிற்சிக்கு, பள்ளிப் பிள்ளைகளின் நான்கு கோட்டு நோட்டும் தடித்த பேனாவும் நல்லவை. கோடுகளுக்குள் எழுத்து அடங்குவதே இலக்கு, வேகம் பின்னால் வரும்.

வீட்டிலிருந்தபடி பார்த்துக்கொள்ளும்போது எப்போது பயப்பட வேண்டும்? தனியார் சிகிச்சைக்கு வசதி இல்லாதவர்கள் எங்கே போவது?
– வாசகி, வியாசர்பாடி

தேறிக்கொண்டிருந்த கை சில நாட்களில் தெளிவாகப் பின்னோக்கிப் போனால் அதைச் சோர்வு என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் கூடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, காய்ச்சல், தையல் இடத்தில் நீர்க்கசிவு, மயக்க நிலை ஆகியவையும் அப்படியே. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்குவதும் திடீர் மூச்சுத்திணறலும் இரத்தக்கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம்; அவற்றுக்கு 108ஐ அழையுங்கள்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கிய இடம். அங்கே பிசியோதெரபிப் பிரிவும் உண்டு. கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இயங்குகிறது. வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். எங்கே போனாலும் பிசியோதெரபி மட்டும் போதும் என்று திரும்பிவிடாமல், ஆக்குபேஷனல் தெரபி சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உண்பது, உடுத்துவது, எழுதுவது போன்ற கைவேலைகளைப் பழக்குவது அவர்களுடைய துறை. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, கட்டியின் பயாப்சி அறிக்கை, கடைசி எம்.ஆர்.ஐ. படம், மாத்திரைச் சீட்டு ஆகியவற்றுடன், நோயாளியால் இப்போது செய்ய முடியாத, அவர் மிகவும் செய்ய விரும்புகிற மூன்று வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பயிற்சித் திட்டத்தை அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.